நோட்டா, செயலியா, காலண்டரா: வேலைப் பட்டியலை எங்கே வைத்துக்கொள்வது?

என் வேலைப் பட்டியலில் "காப்பீடு" என்று ஒரு வரி 19 நாட்கள் கிடந்தது. காலையில் முந்தின நாள் பக்கத்தைப் பார்ப்பேன். முடியாததையெல்லாம் புதுப் பக்கத்தில் இறக்குவேன். கூடவே காப்பீடும் இறங்கும். அதற்கு மேலே இருந்தவை, கீழே இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக அடிபட்டுப் போயின. அது மட்டும் அசையவில்லை. இருபதாவது நாள் எரிச்சலில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, "பழைய மின்னஞ்சலில் பாலிசி எண்ணைத் தேடு" என்று எழுதினேன். நான்கு நிமிடத்தில் எண் கிடைத்தது. எண் கையில் இருந்ததால் அப்படியே போனையும் போட்டேன். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த 19 நாளும் நான் சும்மா இருக்கவில்லை. பட்டியல் எழுதும் இடத்தில்தான் கோளாறு என்று நினைத்து நடுவில் நோட்டை விட்டுச் செயலிக்கு மாறினேன். அது அலுத்துப்போய் இன்னொரு செயலியை இறக்கினேன். அப்புறம் நோட்டுக்கே திரும்பி வந்தேன். எல்லா இடத்திலும் அதே ஒற்றை வார்த்தையைத்தான் எழுதினேன் என்பது மட்டும் உறைக்கவே இல்லை.

டூ-டூ லிஸ்ட்டுக்கு எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களுக்கு எங்கே இடறுகிறது? சிலருக்கு மறதி. சிலருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆனால் தொடங்க மாட்டார்கள். இன்னும் சிலர் ஒரு நாளுக்குள் நான்கு நாள் வேலையை அள்ளிப் போட்டுக்கொண்டு, இரவில் பாதிப் பட்டியலைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்வார்கள். நான் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த ஆள். நோட்டு, செயலி, காலண்டர் எல்லாம் இந்த மூன்று கோளாறுகளில் ஏதோ ஒன்றுக்குத்தான் மருந்து. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருப்பதாக விற்பவரை நம்ப வேண்டாம்.

எழுதி வைத்தால் மனசு ஏன் லேசாகிறது

பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினிடம் ஆய்வு செய்த ப்ளூமா ஜெய்கார்னிக், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று 1927-இல் எழுதினார். பிறகு அதே சோதனையைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை. ஆனாலும் முடியாத வேலை மண்டைக்குள் குடைவது என்னவோ நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். 2011-இல் உளவியலாளர்கள் மாசிகாம்போ, ராய் பாமைஸ்டர் இருவரும் இதில் ஒரு படி மேலே போனார்கள். முடியாத வேலை ஒன்றை நினைவூட்டிவிட்டு வேறு ஏதாவது செய்யச் சொன்னால் கவனம் சிதறுகிறது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வேன் என்று குறிப்பாகத் திட்டம் போடவிட்டால் சிதறல் அடங்கிவிடுகிறது. வேலை என்னவோ இன்னும் முடியவில்லை. திட்டம் இருந்ததே போதுமாக இருந்தது.

என் "காப்பீடு" ஏன் குடைந்துகொண்டே இருந்தது என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அது திட்டமே இல்லை. ஒரு கவலைக்கு நான் வைத்த பெயர், அவ்வளவுதான்.

பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கையால் செய்யக்கூடிய முதல் அசைவு, முடிந்தால் அதற்கொரு நேரமோ இடமோ. "இன்ன நேரம் வந்ததும் இதைச் செய்வேன்" என்ற வகைத் தீர்மானங்களை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலமாக ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெறுமனே "செய்ய வேண்டும்" என்று நினைப்பவர்களைவிட இப்படித் தீர்மானிப்பவர்கள் கணிசமாக அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று தெரிந்தது. "அறிக்கை" என்று எழுதுவதற்கும் "மதியம் மேசைக்குத் திரும்பியதும் அறிக்கையின் முதல் பத்தி" என்று எழுதுவதற்கும் நடுவே ஐந்தாறு சொற்கள்தான். நோட்டிலும் எழுதலாம், செயலியிலும் எழுதலாம். தொடங்காமைதான் உங்கள் வியாதி என்றால், எங்கே எழுதுவது என்ற கேள்வி கிட்டத்தட்ட வீண்.

நோட்டும் செயலியும்

மற்ற இரண்டு வியாதிகளுக்கு எழுதும் இடம் முக்கியம்தான். அதனால் இந்தச் சண்டைக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

நோட்டின் பெரிய பலம், அதில் பக்கம் முடிந்துவிடும் என்பதே. 20 வரிக்கு மேல் எழுத இடம் இல்லை. இன்னொரு பலம், முடியாத வேலையை நாளைக்கு நகர்த்த வேண்டுமென்றால் கையால் திரும்ப எழுத வேண்டும். நான்காவது முறை எழுதும்போது கை தயங்கும். "இதை நிஜமாகவே செய்யப்போகிறேனா?" என்ற கேள்வி தானாக வரும். நோட்டில் சின்னச் சின்னக் குறிகளோடு பட்டியல் எழுதும் புல்லட் ஜர்னல் முறையை 2013-இல் ரைடர் கரோல் வெளியிட்டபோது இந்தத் திரும்ப எழுதும் வேலையைத் தெரிந்தே உள்ளே வைத்தார். எழுதச் சலிப்பாக இருக்கும் வேலை, செய்ய அவசியமில்லாத வேலையாகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் பின்னால் உள்ள கணக்கு. அப்புறம், பேனாவால் ஒரு வரியை அடிப்பதில் இருக்கும் சுகம். திரையில் வரும் டிக் அதற்கு ஈடாகவே இல்லை. இது என் சொந்தப் பிடிவாதம், ஆய்வு எதையும் காட்டமாட்டேன்.

நோட்டின் பலவீனமும் கண்கூடு. வெளியே நிற்கும்போது ஞாபகம் வரும் வேலை, மேசை மேல் இருக்கும் நோட்டுக்குத் தானாகப் போய்ச் சேராது. மாதாமாதம் வரும் வேலையை அது எழுப்பிச் சொல்லாது. "அடுத்த ஆண்டு மார்ச்சில் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும்" என்ற வரியை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? வீட்டில் இருவர் பார்க்க வேண்டிய பட்டியலுக்கும் நோட்டு உதவாது.

இவை அத்தனையையும் செயலி செய்யும். டூடூயிஸ்ட், மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ் என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். தேதி போடலாம், திரும்பத் திரும்ப வரச் செய்யலாம். மறதிக்காரருக்குச் செயலிதான் சரி, இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ஆனால் செயலியில் பக்கம் முடிவதே கிடையாது. 20 வரி 200 ஆகும், அது முகம் சுளிக்காது. முடியாததை நாளைக்குத் தள்ள ஒரு தொடுகை போதும். அதுவும் பலமுறை தள்ளினால் விரல் யோசிக்காமலேயே தள்ளும். ஒரு கட்டத்தில் திறந்ததும் "தேதி கடந்தவை" என்று சிவப்பில் ஒரு நீளப் பட்டி வரும். சிவப்பைப் பார்க்கப் பிடிக்காமல் செயலியைத் திறப்பதே நின்றுபோகும். எனக்கு இரண்டு முறையும் நடந்தது இதுதான். பட்டியலைப் பார்க்கப் போனைத் திறந்து, நடுவில் வந்த ஒரு செய்திக்குப் பதில் எழுதி, எதற்குத் திறந்தோம் என்பதையே மறந்து போனைக் கீழே வைப்பது தனிக்கதை.

இன்னொன்றும் உண்டு: செயலி நம்முடையதில்லை. வுண்டர்லிஸ்ட் ஒரு காலத்தில் பலரும் விரும்பிப் பயன்படுத்திய பட்டியல் செயலி. 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதத்தில் மூடிவிட்டது. தரவை டூ டூ செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள்தான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் பழகிய வீட்டைக் காலி செய்வதுபோலத்தானே அது? செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகான அம்சங்களைப் பார்ப்பதைவிட, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

மொத்தத்தில் மறதிக்குச் செயலி, அள்ளிப்போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு நோட்டு. இரண்டு கோளாறும் உள்ளவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

காலண்டர்காரர்கள்

பட்டியலே வேண்டாம், ஒவ்வொரு வேலைக்கும் காலண்டரில் ஒரு கட்டம் ஒதுக்கு என்கிறார்கள் ஒரு சாரார். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் ஐந்து நிமிட வேலையும் ஐந்து மணி நேர வேலையும் ஒரே உயரத்தில் ஒரு வரியாக நிற்கின்றன. காலண்டரில் அந்தப் பொய் எடுபடாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பது கண்ணெதிரே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதில் மனிதர்கள் படுமோசம். 1979-இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரே வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாட்கள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் என்று கேட்டதற்கு 48.6 நாட்கள். உண்மையில் ஆனது 55.5 நாட்கள். அதாவது, மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று யோசித்துச் சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது.

காலண்டரை மணிக்கு மணி நிரப்பி வைத்தவருக்கு இந்தப் பிழை சங்கிலியாக வரும். ஒன்பது மணிக் கட்டம் பத்தே முக்கால் வரை இழுத்தால், அடுத்து நிற்கும் எல்லாக் கட்டமும் சரியும். பதினொரு மணிக்கே நாள் தோற்றுப்போன உணர்வு. பட்டியலில் இந்த அவமானம் இல்லை. இரவு வரை நம்பிக்கை மிச்சமிருக்கும்.

அடிக்கடி யாராவது கூப்பிடும் வேலையில் இருப்பவர்களுக்கும் சின்னக் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கும் முழுக் காலண்டர் முறை வேலைக்கு ஆகாது என்பது என் எண்ணம். எழுதுவது, படிப்பது, நிரல் எழுதுவது என்று நேரம் தன் கையில் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். அவர்களும்கூட ஒரு நாளுக்கு ஒரே ஒரு கட்டத்தோடு தொடங்குவது உத்தமம். எந்த வேலையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்களோ அதற்கு அந்தக் கட்டம். மீதியெல்லாம் பட்டியலிலேயே இருக்கட்டும்.

ஆறு வரியா, நான்கு கட்டமா

நீளப் பட்டியலைச் சுருக்குவதற்கும் பல வழி சொல்கிறார்கள். மிகப் பழையது ஐவி லீ பெயரில் வழங்குவது. அமெரிக்காவில் மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி அவர். பெத்லஹேம் ஸ்டீல் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்கு அவர் சொன்ன யோசனை என்று ஒரு கதை உண்டு: மாலையில் மறுநாளுக்கு ஆறே வேலைகளை முக்கியத்துவ வரிசையில் எழுது, காலையில் முதலாவதைத் தொடு, அது முடியாமல் இரண்டாவதுக்குப் போகாதே. கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு ஷ்வாப் 25,000 டாலருக்குக் காசோலை அனுப்பினாராம். காசோலைக் கதையில் எவ்வளவு நிஜமோ, யோசனை என்னவோ உருப்படியானது. வரிசைதான் அதன் உயிர். ஆறும் ஒரே நேரத்தில் கண்ணைச் சிமிட்டினால் நாம் எப்போதும் சுலபமானதைத்தான் தொடுவோம். எனக்கு ஆறுகூட அதிகம். மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், மூன்றும் முடிந்தால் நான்காவது போனஸ்.

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் ஐசன்ஹோவர் முறை தெரிந்திருக்கும். 1954-இல் ஒரு பேச்சில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அந்த வேறுபாட்டைச் சொன்னார், அதுவும் தன் சொந்தக் கருத்தாக இல்லாமல் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக. கட்டங்களாக வரைந்து பரப்பியது பின்னால் வந்தவர்கள். கெடு நெருங்கிய வேலையைக் கண்டால், பலன் குறைவு என்று தெரிந்தும் மனிதர்கள் அதையே எடுக்கிறார்கள் என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இந்த முறைக்குத் தேவை இருக்கிறது. தினமும் கட்டம் போட்டால்தான் வம்பு, வேலையைவிட வகைப்படுத்துவதே சுவாரசியமாகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை போதும்.

கான்பான் பலகை பற்றி இரண்டு வரி. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என மூன்று நெடுவரிசை, நடுவில் உள்ளதில் இத்தனைக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு. வேலை பல கைகளுக்கு மாறும் குழுவுக்கு இது அருமை. தனி ஆளுக்கு அந்த வரம்பு மட்டும் இருந்தால் போதும், பலகை தேவையில்லை.

முடித்ததை எழுதுவது

உற்சாகம் என்று வந்தால், எனக்கு மிகப் பிடித்த கட்சி இதுதான்: செய்ய வேண்டியதை எழுதாமல், செய்து முடித்ததை எழுதுவது. நாள் முழுக்க ஓடிவிட்டு "இன்னைக்கு என்னதான் செய்தேன்" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது மருந்து. ஆய்வாளர் தெரேசா அமபீலேயின் குழு 7 நிறுவனங்களில் 238 பேரிடம் கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புகளைச் சேகரித்துப் படித்தது. அலுவலக நாட்களை நல்ல நாட்களாக ஆக்கியதில் முதலிடம் பெற்றது, அர்த்தமுள்ள வேலை ஒன்றில் கொஞ்சமாவது முன்னேறியது. சின்ன முன்னேற்றமும் கணக்கில் வந்தது. ஆனால் சின்ன முன்னேற்றம் எழுதாவிட்டால் மாலைக்குள் மறந்துவிடும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழு 57 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்தது. படுக்குமுன் 5 நிமிடம் பாதிப்பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப்பேர் ஏற்கெனவே முடித்ததை எழுதினார்கள். வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். எவ்வளவு குறிப்பாக, விரிவாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. 2018-இல் வந்த முடிவு இது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் படுக்கையில் புரண்டுகொண்டு நாளைக் கவலைப்படுபவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கலாமே?

இரண்டும் முட்டிக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. வேலையை மூடும்போது முடித்ததை எழுது, படுக்கும்போது வேண்டியதை எழுது. செய்து முடித்துவிட்ட வேலையைப் பட்டியலில் புதிதாகச் சேர்த்து உடனே அடிக்கும் திருட்டுச் சுகம் இருக்கிறதே, அதுகூட முடித்ததை எழுதுவதற்கான ஏக்கம்தான் என்று நினைக்கிறேன். வெட்கப்படத் தேவையில்லை. எல்லோரும் செய்கிறார்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சரிபார்ப்புப் பட்டியல் வேறு, வேலைப் பட்டியல் வேறு. 1935 அக்டோபர் 30 அன்று போயிங்கின் மாடல் 299 விமானம், சுக்கான் பூட்டை விடுவிக்க மறந்ததால், ஏறிய வேகத்தில் விழுந்தது. விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் பரவலாக அதுவே காரணம். எப்போதும் ஒரே வரிசையில் வரும் வேலைக்கு அது. வெளியூர் கிளம்பும்போது எடுக்க வேண்டியவை, மாதக் கடைசிக் கணக்கு போன்றவற்றை ஒரே முறை எழுதித் தனியாக வைத்துவிட்டால் தினப்பட்டியலில் பாதி வரிகள் குறையும்.

என்ன செய்யலாம்

நான் இப்போது செய்வது: மனதில் வருவது, தேதி உள்ளது, மாதாமாதம் வருவது எல்லாம் போனில் இருக்கும் சாதாரணச் செயலிக்குள். அது கிடங்கு, அங்கே 200 வரி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, ஏனென்றால் பகலில் அதைத் திறப்பதில்லை. இரவு அதிலிருந்து மூன்றை ஒரு துண்டுச்சீட்டில் இறக்குவேன், முதல் அசைவோடு. பகலில் கண்முன் இருப்பது அந்தச் சீட்டு மட்டும். மாலையில் அதே சீட்டின் பின்பக்கம் முடித்தது. காலண்டரில் மற்றவர்களோடு பேசி வைத்த நேரங்களும், நான் பயப்படும் ஒரே ஒரு வேலைக்கான கட்டமும்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மறதி மட்டுமே பிரச்சினை என்றால் துண்டுச்சீட்டு தேவையில்லை, செயலியும் அலாரமும் போதும். தேதி போட்ட வேலையே குறைவு, ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவீர்கள் என்றால் செயலியைத் தொடாதீர்கள், நோட்டு ஒன்று வாங்குங்கள். ஞாபகமும் இருக்கிறது, பட்டியலும் சின்னதுதான், இருந்தும் கை போகவில்லை என்பவர் எதையும் வாங்காமல், இருக்கிற வரிகளைத் திருத்தி எழுதட்டும். மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், இரண்டு வாரமாவது விடுங்கள். புதுச் செயலியின் முதல் மூன்று நாள் உற்சாகம் செயலியுடையது இல்லை, புதுமையுடையது.

மூன்று முறை நகர்ந்த வரியை மட்டும் நான்காவது முறை அப்படியே இறக்காதீர்கள். உடைத்து எழுதுங்கள், அல்லது காலண்டரில் ஒரு கட்டம் கொடுங்கள், அல்லது அடித்துவிடுங்கள். "பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்து" என்ற வரியை நான் போன மாதம் அடித்தேன். புகைப்படங்கள் இன்னும் கலைந்துதான் கிடக்கின்றன. இதுவரை யாரும் கேட்கவில்லை.